பீட்டருக்கு வாசித்த மூன்று ஓலைகள்

ஞாயிற்றுக்கிழமை காலை. பஹ்ரைனில் அது வேலை நாள். நைட் டூட்டி முடித்தவர்களும் காலை டூட்டிக்கு வந்தவர்களுமாக, நர்சுகள் உடை மாற்றும் அறையில் நிற்க இடமில்லை. ஆனால் ஒருத்தியும் உடை மாற்றவில்லை. எல்லோரும் பெஞ்சில் கிடந்த என் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஸ்பீக்கர் போட்டிருந்தேன். போனுக்குள் கடல் இரைந்தது. குளச்சலுக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊர். அங்கே கோயில் முற்றத்தில், ஒலிபெருக்கிக்குக் கீழே, எங்களோடு வேலை பார்க்கும் பெல்சியின் சித்தி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரெண்டாம் பூசை முடிகிற நேரம்.

"சித்தி, கை நோவுதா?" என்று பெல்சி கேட்டாள்.

"நீ சும்மா இரி பிள்ளே. இன்னா, உபதேசியாரு வந்தாச்சு."

எங்கள் கத்தோலிக்கர்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் அறிவிப்பு வாசிப்பார்கள். இப்போது காகிதத்தில்தான் இருக்கிறது, ஆனாலும் அதற்குப் பேர் ஓலை. யார் மகன், யார் மகள், என்ன தொழில், எந்தக் கோயில் பங்கு என்று ஊரே கேட்க, சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் வாசிப்பார். தடை சொல்கிறவர்கள் சொல்லலாம். ஒலிபெருக்கி வைத்த காலத்திலிருந்து கோயிலுக்கு வராதவன் காதிலும், கரைக்கு வந்துகொண்டிருக்கும் வள்ளத்துக்காரன் காதிலும் அது விழும்.

தொண்டையைக் கனைத்துக்கொண்டு உபதேசியார் ஆரம்பித்தார். "முதலாம் ஓலை. நம் பங்கைச் சேர்ந்த, கடல்தொழில் செய்யும் சிலுவைதாசன், மரியபுஷ்பம் இவர்களின் குமாரத்தி பெல்சி என்பவருக்கும், ஆப்பிரிக்கா தேசத்து நீக்ரோ வகுப்பைச் சேர்ந்த பீட்டர் என்பவருக்கும்..."

அதற்கு மேல் எனக்கு எதுவும் கேட்கவில்லை. அறையில் இருந்த மலையாளப் பெண்களுக்கும் புரிந்துவிட்டது. ஒருத்தி "அய்யோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

பெல்சி அழவில்லை. போனை எடுத்து அணைத்தாள். "அக்கா, ஊரு ஒரு பேர வச்சா அது பேரப்பிள்ள வரைக்கும் போவும். மூணாவது ஓலையிலயும் அந்த வார்த்தை வந்துதுன்னா கல்யாணம் வேண்டாம். அவருட்ட நானே சொல்லிருவேன்" என்றாள். சொல்லிவிட்டு யூனிபார்ம் பொத்தானைப் போட்டுக்கொண்டு டூட்டிக்குப் போய்விட்டாள்.

ஈசா டவுன் வீட்டில் ஒரு பெண்

பெல்சியை உங்களுக்குச் சொல்ல வேண்டும். எனக்குப் பக்கத்து ஊர்க்காரி. ஈசா டவுனில் எங்கள் வீட்டில் ஒரு அறையை அவளுக்குக் கொடுத்திருந்தோம். என் பிள்ளைகள் இந்தியன் ஸ்கூலில் படித்துவிட்டு வந்து வீட்டில் இங்கிலீஷில் சண்டை போடும். இவள் அதுகளைக் கடற்கரைத் தமிழில் திட்டுவாள். அந்தத் தமிழ் கேட்கவே எனக்கு அவள் வேண்டியிருந்தது.

ஐசியுவில் வேலை. கையில் அப்படி ஒரு நிதானம். வாயில் மட்டும் நிதானம் கிடையாது. அந்த விஷயத்தில் நான் அவளைக் குறை சொல்லமுடியாது, எனக்கே அது இல்லை.

பீட்டர் கென்யாக்காரன். முழுப் பேர் பீட்டர் ஒதியாம்போ. ஆஸ்பத்திரி மெஷின்களைப் பழுது பார்க்கிற டெக்னீஷியன். வென்டிலேட்டர் ஒன்று மக்கர் பண்ணிக்கொண்டே இருந்தது. அதைப் பார்க்க வந்தவன், அது சரியான பிறகும் வந்துகொண்டே இருந்தான். நல்ல மெஷினை எத்தனை தடவை ஒருத்தன் சரி பார்ப்பான்? எனக்கு முதல் வாரமே தெரிந்துவிட்டது. அவனும் கத்தோலிக்கன். வெள்ளிக்கிழமை மனாமா கோயிலில் இங்கிலீஷ் பூசைக்கு வருவான். நாங்கள் தமிழ்ப் பூசை முடிந்து வெளியே வருவதற்கும் அவன் உள்ளே போவதற்கும் சரியாக இருக்கும். அந்தப் படியில் வைத்துத்தான் ரெண்டு பேரும் பேசிப் பேசி முடிவெடுத்தார்கள்.

என் வீட்டுக்காரர் கேட்டார், "லில்லி, இது சரியா வருமா?"

"வென்டிலேட்டர் சரியா வந்துதுல்லா? இதுவும் வரும்" என்றேன்.

கப்பலேறி வந்த வசவு

வளைகுடாவுக்கு வந்தபிறகுதான் கறுப்பு மனிதர்களுக்கு உலகம் எத்தனை பேர் வைத்திருக்கிறது என்று தெரிந்தது எனக்கு. வண்டி ஓட்டுகிற பாய்மார் 'காலூ' என்பார்கள். கொஞ்சம் படித்தவர் என்றால் 'ஹப்ஷி'. சில வயசான அரபிகள் 'அப்து' என்று கூப்பிடுவார்கள். அப்படியென்றால் அடிமை. அடிமையை விற்பதும் வாங்குவதும் நின்று எத்தனையோ காலமாகிவிட்டது. சொல் மட்டும் வேலையை விடாமல் கிடக்கிறது.

ஒரு நாள் ஒரு நோயாளியின் மகன், வராந்தாவில் போன பீட்டரைப் பார்த்துக் கைதட்டி "யா அப்து!" என்று கூப்பிட்டான். பீட்டர் நின்றான். ரொம்ப மரியாதையாகச் சொன்னான். "சார், அந்தப் பேரில் இந்த ஆஸ்பத்திரியில் யாரும் இல்லை. பீட்டர் என்று ஒருத்தன் இருக்கிறான். கூப்பிடட்டுமா?" அந்தப் பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எங்கள் ஆஸ்பத்திரி வரவேற்பில் இருந்த பஹ்ரைனிப் பெண்மணியும் கறுப்புதான், பரம்பரையாக அந்த மண்ணுக்காரி. அவள் அன்றைக்குப் பீட்டருக்கு ஏலக்காய் போட்ட அரபிக் காப்பி, கஹ்வா, ஊற்றிக் கொடுத்தாள்.

நம் ஆட்கள் மட்டும் என்ன யோக்கியமா? எங்கள் கடற்கரையில் சுருட்டை முடிப் பிள்ளை பிறந்தால் 'காப்பிரி' என்பார்கள். கோபம் வந்தாலும் அதுதான் வரும். நானும் சின்ன வயசில் அது ஏதோ எங்கள் ஊர்ச் சொல் என்றே நினைத்திருந்தேன். அப்புறம் விசாரித்தால், அது அரபியில் வேற்று மதத்துக்காரனைச் சொல்லப் பிறந்த சொல்லாம். அதைப் போர்ச்சுக்கீசியக் கப்பல்காரன் வாங்கி, ஆப்பிரிக்காக்காரன் தலையில் சுமத்தி, அப்படியே எங்கள் கரையில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறான். நாங்கள் வேதத்தோடு சேர்த்து வசவையும் இறக்கிக்கொண்டோம்.

பள்ளிக்கூடத்தில் பாடப் புத்தகம் 'நீக்ரோக்கள்' என்றது. வாத்தியாரும் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். எங்களோடு வேலை பார்த்த ஒரு வயசான வெள்ளைக்கார டாக்டர், 'கலர்டு' என்பார், அதுதான் கௌரவம் என்ற நினைப்பில். அவர் படித்த காலத்தில் அதுதான் கௌரவம். பிறகு அது கூடாது, நீக்ரோதான் சரி என்றார்கள். பிறகு அதுவும் போய், 'கறுப்பர்' என்று அவர்களே நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்கள். எந்தச் சொல்லைச் சொல்லி இடித்தார்களோ அதையே எடுத்து மாலையாகப் போட்டுக்கொண்டார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கும்.

பேர் ஏன் இப்படி மாறிக்கொண்டே இருக்கிறது என்று என் மகள் ஒரு தடவை கேட்டாள். கூப்பிடுகிறவன் வாய் சுத்தமில்லை என்றால் புதுப் பேரும் நாலு வருஷத்தில் அழுக்காகிவிடும் என்றேன். அவளுக்குப் புரிந்ததோ என்னவோ, "ஓகே மம்மி" என்று போய்விட்டாள்.

இறங்கிய இடத்தில் ஒரு பேர்

பீட்டரிடம் நான் நேராகவே கேட்டேன். "உனக்கு எப்படிச் சொன்னால் பிடிக்கும்?" நாங்கள் பேசுவதெல்லாம் இங்கிலீஷில். உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.

அவன் சிரித்தான். "சிஸ்டர், ஊரில் நான் ஔமா மகன். நைரோபிக்குப் படிக்கப் போனேன், அங்கே ஏரிக்கரைக்காரன், லூவோ இனத்தான். விமானம் ஏறினேன், கென்யன் ஆனேன். இங்கே இறங்கினேன், கறுப்பன் ஆகிவிட்டேன். அதுவரைக்கும் எனக்கு அது தெரியவே தெரியாது. எங்கள் ஊரில் எல்லோரும் ஒரே நிறம்தானே!"

எனக்கு ஒரே ஆச்சரியம். என் கதையும் அதேதான். ஊரில் நான் லில்லி. நாகர்கோவிலுக்குப் படிக்கப் போனால் 'கடப்புறத்தா', மீன் நாற்றம் அடிக்கிறதா என்று பக்கத்தில் இருந்தவள் மூக்கைப் பிடித்தாள். சென்னையில் நாகர்கோவில்காரி. டெல்லியில் மதராசி. இங்கே அரபிகளுக்கு இந்தியர் எல்லோரும் 'ஹிந்தி'. எனக்குச் சரியாக ஹிந்தி பேசக்கூட வராது!

அதோடு விட்டார்களா? என்னைப் பெண் பார்க்க வந்த முதல் மாப்பிள்ளையின் அம்மா, மிக்சரைத் தின்றுகொண்டே, "பிள்ளை கொஞ்சம் கறுப்பு" என்றாள். அவள் மகன் அடுப்புக்கரி. "உங்க வீட்டுல கண்ணாடி இல்லியா?" என்று கேட்டுவிட்டேன். சம்பந்தம் முறிந்தது. நல்லவேளை!

சிலுவைதாசன் மாமா

பெல்சியின் அப்பாவுக்கு விஷயத்தைச் சொன்னது நான்தான். "நீயே சொல்லு அக்கா" என்று அவள் போனை என்னிடம் தந்துவிட்டாள். சிலுவைதாசன் மாமா வள்ளத்தில் போகிறவர். குரல் எப்போதும் காற்றுக்கு மேலே கத்திப் பழகிய குரல். காது வலிக்கும்.

"ஆளு யாரு மக்கா? நம்ம ஆளுதானா?"

"வேதக்காரன்தான் மாமா. கென்யா."

"கென்யான்னா?"

"ஆப்பிரிக்கா."

அவரே 'ஆப்பிரிக்கா' என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். அப்புறம், "காப்பிரியையா? எனக்க மோளுக்குக் காப்பிரியையா?" என்றார். இன்னும் ரெண்டு சொன்னார். அதைப் பத்திரிகையில் எழுத முடியாது. போனை வைத்துவிட்டார்.

பெல்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "அப்பா வராம எனக்குக் கல்யாணம் இல்ல அக்கா. ஆனா வேற ஒருத்தனையும் கெட்டமாட்டேன்" என்றாள். இப்படி ரெண்டு பக்கமும் கதவை அடைத்துக்கொண்டால் நான் எந்தப் பக்கம் போவது?

பங்குச் சாமியார்தான் மாமாவிடம் பேசிப் பார்த்தார். பெண்ணுக்குச் சொந்தமாக முடிவெடுக்கிற வயசு வந்துவிட்டது, ரெண்டு பேரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள், ஓலையை நான் மறுக்க முடியாது என்றார். மாமா, "வாசியுங்க சாமி. ஊருல எவனாவது தடை சொல்லுவான். நான் கல்யாணத்துக்கு வரல்ல" என்று எழுந்து போய்விட்டாராம். அப்படித்தான் அந்த முதல் ஓலை வாசிக்கப்பட்டது.

உபதேசியாரோடு ஒரு சண்டை

முதல் ஓலை அன்றைக்கு டூட்டி முடிந்ததும் போன் கார்டை வாங்கிக்கொண்டு உபதேசியாரைப் பிடித்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு அவர் எதிரில் இருந்திருந்தால் ஜெபமாலையைப் பிடுங்கியிருப்பேன்.

"உபதேசியாரே, பெல்சிக்க அம்மையும் அப்பனும் கெட்டினப்போ 'முக்குவ வகுப்பைச் சேர்ந்த'ன்னு வாசிச்சியளா?"

"இல்லியே."

"பின்ன பீட்டருக்கு மட்டும் என்னத்துக்கு வகுப்பு?"

அவர் பாவம், பதறிவிட்டார். "பிள்ளே, நான் மரியாதையாத்தானே போட்டேன்! ஊருல எல்லாரும் காப்பிரி காப்பிரிங்கான். அது கேவலம்னு நான் யோசிச்சு, பாடப் புத்தகத்துல உள்ள நல்ல வார்த்தையா எடுத்துப் போட்டேன். அது தப்பா?"

எனக்கு அதற்கு மேல் கத்த முடியவில்லை. அவர் சொல்வது பொய்யில்லை. அந்த வெள்ளைக்கார டாக்டரைப் போலத்தான் இவரும். "அந்த வார்த்தைய இப்ப யாரும் சொல்லுததில்ல உபதேசியாரே. நம்ம ஆளுகளுக்கு எப்பிடி வாசிப்பியளோ அப்பிடியே வாசியுங்க" என்றேன்.

"அப்ப இப்ப உள்ள புது வார்த்தை என்னன்னு விசாரிச்சுப் போடுதேன். நீ கவலைப்படாத" என்றார். அந்த வாக்கியத்தின் முன்பாதியை நான் கவனித்திருக்க வேண்டும். போன் கார்டு தீர்ந்துகொண்டிருந்ததால் பின்பாதியைக் கேட்டு நிம்மதியாக வைத்துவிட்டேன்.

நீர்யானை

நடந்ததைப் பீட்டரிடம் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் சொன்னான், "சிஸ்டர், உங்கள் உபதேசியாரோடு எனக்கு வழக்கில்லை. நான் அவள் அப்பாவோடு பேச வேண்டும்."

"என்ன பாஷையில்?"

"நீங்கள் இருக்கிறீர்களே."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை. பெல்சி அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டாள், வெங்காயம் உரிக்கிற சாக்கில். நான் போனைப் போட்டேன். எடுத்தவுடன் வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். வைக்கவில்லை.  ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அவனுக்க அப்பனுக்கு என்ன தொழில்?"

நான் பீட்டரிடம் கேட்டுச் சொன்னேன். "மீன்பிடி, மாமா."

"மீன்பிடியா? எந்தக் கடல்ல?"

"கடல் இல்ல மாமா. ஏரி."

"ஓ, கொளத்துல தூண்டில் போடுதவன்" என்றார். அந்த ஏளனத்தை நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் பீட்டர் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டான். "அக்கரை தெரியாது என்று சொல்லுங்கள். அலை அடிக்கும், வள்ளம் கவிழும் என்று சொல்லுங்கள். என் அப்பாவின் தம்பி போனவர் திரும்பவில்லை என்று சொல்லுங்கள்."

சொன்னேன். மாமா குரலைத் தாழ்த்தினார். "ஆளு கெடச்சுதா?" என்று கேட்டார்.

"கிடைக்கவில்லை" என்றான் பீட்டர்.

"எங்க வீட்டுலயும் ஒண்ணு அப்பிடிப் போச்சு" என்றார் மாமா. அது பெல்சியின் பெரியப்பா.

அதற்குப் பிறகு என்ன வலை, என்ன மீன் என்று ஆரம்பித்தது பாருங்கள்! ஏரியில் விளக்குக் காட்டி ஒரு பொடிமீன் பிடிப்பார்களாம், கரையில் வெயிலில் காயப்போடுவார்களாம். "நெத்தோலி! நெத்தோலியேதான்!" என்று மாமா கத்தினார். வலை கிழியுமா என்று கேட்டார். கிழியும், நீர்யானை வந்து கிழிக்கும் என்றான் பீட்டர்.

"அது என்ன சாதனம்?"

"தண்ணிக்குள்ள கெடக்குத ஆனை மாதிரி, மாமா."

"ஆனையா? வலைக்குள்ளயா? யேசுவே! எங்களுக்கு ட்ராலர்காரன் செய்யுத வேலைய அங்க ஆனை செய்யுதா? ட்ராலர்காரன்கிட்டயாவது சண்டைக்குப் போலாம், ஆனைட்ட எப்பிடிப் போவான்?"

நான் மொழிபெயர்த்ததும் பீட்டர் மேசையைத் தட்டிச் சிரித்தான். அவன் சிரிப்பு பெரிய சிரிப்பு. அந்தப் பக்கம் மாமாவும் சிரித்தார். அடுக்களையில் வெங்காயம் உரிக்கிற சத்தம் நின்றுபோனது. அந்த நேரம் பார்த்துக் கார்டு தீர்ந்து லைன் கட்டானது.

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். ஒரு நிமிஷம் கழித்து என் போன் ஒரு தடவை அடித்து நின்றது. மாமா மிஸ்டு கால் கொடுத்திருந்தார்! அவராக எங்களுக்குப் போன் போட்டது அதுதான் முதல் தடவை. என் வீட்டுக்காரர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் அடுத்த கார்டு வாங்க ஓடினார்.

அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பீட்டரின் ஊர், அப்பா அம்மா பேரெல்லாம் கேட்டுக்கொண்டு, பேசி முடித்து வைக்கும்போது, "பையன் விவரமானவனாத்தான் இருக்கான்" என்றார். கல்யாணத்துக்கு வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ரெண்டாவது ஓலை

மறுபடியும் உடை மாற்றும் அறை, சித்தி, ஒலிபெருக்கி. உபதேசியாரின் குரலில் அன்றைக்கு ஒரு தனி மிடுக்கு.

"...நம் பங்கைச் சேர்ந்த பெல்சி என்பவருக்கும், ஆப்பிரிக்க அமெரிக்கரான பீட்டர் என்பவருக்கும்..."

எங்களுக்கு ஒன்றுமே விளங்கவில்லை. அப்புறம்தான் விசாரித்தேன். நாகர்கோவில் காலேஜில் யாரோ ஒரு ப்ரொபசரிடம் போய், நீக்ரோ என்பதற்கு இப்போதைய மரியாதையான சொல் எது என்று உபதேசியார் கேட்டிருக்கிறார். அவரும் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறார். யாருக்கு, எந்த நாட்டுக்காரனுக்கு என்று இவரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

வராந்தாவில் நின்ற பீட்டரிடம் போய்ச் சொன்னேன். "நீ இப்போது அமெரிக்கக்காரன்."

"விசா யார் கொடுத்தது?" என்று கேட்டான்.

நாங்கள் சிரித்தோம். ஆனால் ஊரில் நடந்தது சிரிப்பில்லை. 'அமெரிக்கா' என்ற சொல் ஒலிபெருக்கியில் விழுந்ததும் அதுவரை முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்களெல்லாம் சிலுவைதாசன் மாமா வீட்டுக்கு வர ஆரம்பித்துவிட்டார்கள். "அமெரிக்கா மாப்பிள்ளையாமே! முதல்லயே சொல்லப்படாதா?" என்று ஒருத்தர் பழக்குலையோடு வந்தாராம். தடை சொல்லத் தயாராக இருந்தவரே வந்து, அங்கே வேலை வாங்கித் தரமுடியுமா என்று கேட்டாராம். நிறம் அதேதான், ஆள் அதேதான், நாட்டை மாற்றியதும் ஊருக்கு அவன் வெள்ளையாகிவிட்டான்.

பெல்சியின் அம்மாவுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். "அப்பிடியே இருந்துட்டுப் போவட்டு லில்லி. நல்லதாப் போச்சு" என்று என்னிடமே சொன்னாள். அவளைக் குற்றம் சொல்ல மனசில்லை. மாசக்கணக்காகத் தண்ணி எடுக்கப் போன இடத்திலெல்லாம் பேச்சு வாங்கியவள்.

பெல்சி மட்டும் ஒடிந்துபோனாள். "வசவைக்கூடப் பொறுத்துக்கலாம் அக்கா. இது அவரையே இல்லாம ஆக்குது. அப்பாவும் இத ஒத்துக்கிட்டாருன்னா எல்லாம் முடிஞ்சுது" என்றாள். அந்த வாரம் முழுக்க அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மாமா போனை எடுக்கவில்லை. கடலுக்குப் போயிருக்கிறார் என்று ஒரே பதில். எனக்கு என்னவோ, பழக்குலையும் மரியாதையும் அவரைச் சாய்த்துவிட்டன என்றே தோன்றியது.

மூன்றாவது ஓலை

மூன்றாம் ஞாயிறும் உடை மாற்றும் அறையில் கூடினோம். எங்கள் பிலிப்பைன்ஸ் இன்சார்ஜ்கூட, எப்போதும் மணியைக் காட்டுகிறவள், வந்து சுவரோரம் நின்றுகொண்டாள். பெல்சி என் கையைப் பிடித்திருந்தாள். 

"மூன்றாம் ஓலை" என்றார் உபதேசியார். "நம் பங்கைச் சேர்ந்த, கடல்தொழில் செய்யும் சிலுவைதாசன், மரியபுஷ்பம் இவர்களின் குமாரத்தி பெல்சி என்பவருக்கும்..." கொஞ்சம் நிறுத்தினார். "கென்யா நாடு, கிசுமு ஊரைச் சேர்ந்த, மீன்பிடித் தொழில் செய்யும் சூசை ஔமா, மார்த்தா இவர்களின் குமாரன் பீட்டர் ஒதியாம்போ என்பவருக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது."

அவ்வளவுதான். வகுப்பு இல்லை, நிறம் இல்லை, அமெரிக்கா இல்லை. ஜோசப் என்ற அவன் அப்பாவைச் சூசை ஆக்கி, எங்கள் ஊரில் எந்த வலைக்காரன் மகனுக்கும் வாசிக்கிற மாதிரி வாசித்துவிட்டார். பெல்சி பெஞ்சில் அப்படியே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நானும்தான். ஒன்றும் புரியாத இன்சார்ஜும் எங்களைப் பார்த்து அழுதாள். யாரோ கதவைத் திறந்து "பீட்டர்!" என்று கத்தினார்கள். நர்சுகள் அறைக்குள் ஆண்கள் வரக்கூடாது என்ற சட்டத்தை அன்றைக்கு ஒருவரும் நினைக்கவில்லை.

சித்தி போனில் விஷயத்தைச் சொன்னாள். பூசைக்கு முன்னால் மாமா நேராகக் கோயில் சக்ரீஸ்துக்குள், பூசை உடுப்பு வைக்கிற அறைக்குள், போயிருக்கிறார், கடலிலிருந்து வந்த ஈரத்தோடு. "வோய், அந்த அமெரிக்காவ வெட்டும்" என்றாராம். உபதேசியார், ஊருக்கே சந்தோஷமாக இருக்கிறதே என்று இழுத்திருக்கிறார். "ஊருக்குச் சந்தோஷம் வேணும்னா ஊரு அதுக்க மோளுக்கு அமெரிக்காக்காரனக் கெட்டி வைக்கட்டு. நான் வலைக்காரன். எனக்க மோளு போறதும் வலைக்காரன் வீட்டுக்குத்தான். அத வாசியும். சத்தமா வாசியும்" என்று சொல்லிவிட்டு, வாசிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றாராம்.

பழக்குலையோடு வந்தவர் அடுத்த நாள் கண்டும் காணாத மாதிரி போனாராம். மாமா அவரை வலியக் கூப்பிட்டு, "பழம் நல்ல பழம்" என்றாராம். ஒருவரும் தடை சொல்லவில்லை.

வருகை வாசல்

கல்யாணம் மனாமா கோயிலில். விசிட் விசாவில் மாமாவும் அத்தையும் வந்தார்கள். அவர் வாழ்க்கையில் முதல் விமானம். அதுவரைக்கும்கூட அவர் பீட்டரை 'பையன்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். 'அந்தப் பையனுக்குச் சட்டை அளவு என்ன', 'அந்தப் பையன் உறைப்பு தின்பானா' என்று. பெல்சி அதைப் பற்றி ஒன்றும் பேசமாட்டாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் அவள் முகத்தை நான் பார்ப்பேன்.

விமான நிலையத்தில் நாங்கள் எல்லோரும் நின்றோம். கண்ணாடிக் கதவு திறந்து மாமா வெளியே வந்தார். வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை, தள்ளுவண்டியில் கயிறு கட்டிய பெரிய பெட்டி. ஜனத்தைப் பார்த்து மிரண்டு போய் நின்றுவிட்டார். அத்தை பின்னால் எங்கோ மாட்டிக்கொண்டாள். நாங்கள் கூப்பிடுவது அவருக்குக் கேட்கவில்லை.

பீட்டர்தான் முதலில் ஓடினான். போட்டோவில் பார்த்திருந்ததால் ஆளைத் தெரிந்துவிட்டது. நான் சொல்லிக்கொடுத்த மாதிரி "மாமா" என்று குனிந்து கையைத் தொட்டு, பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு எங்களை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டான். தள்ளுவண்டி இருப்பதையே மறந்துவிட்டான்.

தரை துடைத்துக்கொண்டிருந்த ஒரு தமிழ் ஆள், ராமநாதபுரம் பக்கத்துக் குரல், துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். நல்ல மனசோடுதான் ஓடிவந்தார். "ஐயா! ஐயா! பாத்துக்கிட்டு நிக்கிறீகளே! உங்க பெட்டிய ஒரு நீக்ரோப் பய தூக்கிட்டுப் போறான்!"

பெல்சி என் கையை நெரித்தாள். பீட்டருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அந்த ஒரு சொல் தெரியும். அவன் நின்றுவிட்டான்.

மாமா அந்த ஆளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, காற்றுக்கு மேலே கத்திப் பழகிய அந்தக் குரலில், விமான நிலையம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.

"தூக்கட்டு வோய். அது எனக்க பெட்டி. அவன் எனக்க மருமவன்."